முகமூடி ஆடியது, முருகன் நிறுத்தினான்

1984-ஆம் வருஷம் மாசி மாதம், என் வாயில் மிச்சமிருந்த பதினேழு பல்லையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டார்கள். சொத்தை இல்லாத பல்லும் போயிற்று. புற்றுக்குக் கதிர் வைத்த தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாதாம், அதனால் முன்னாடியே. அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பன்னிரண்டு வயதிலிருந்து வெற்றிலையும் புகையிலையும் இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டே வேலை செய்தவள். அந்தக் கன்னத்துக்குள், மேல் ஈறு ஓரத்தில்தான் புண் வந்தது. ஆறவே இல்லை. ஈப்போவில் சதை கிள்ளிப் பார்த்துப் புற்று என்றார்கள். கதிர் வைக்கக் கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

புறப்படும் முன்பே வீட்டில் என் தட்டும் குவளையும் தனியாகிவிட்டன. நாத்தனார் அஞ்சலை வாசலிலேயே நின்று என் கணவரிடம் சொன்னாள்.

"அண்ணே, அண்ணி வாய் நாறுது லா. பிள்ளைங்கள கிட்ட விடாதீங்க. திரும்பி வந்தா பாத்துக்கலாம்."

அவர் லாரி சாவியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

கோலாலம்பூரில் என்னைப் படுக்கவைத்து முகம் முழுக்க ஈரச் சாந்து அப்பி அச்சு எடுத்தார்கள். மூக்கில் மட்டும் மூச்சுக்கு வழி. உயிரோடு புதைக்கிறார்கள் என்றே நினைத்தேன். அந்த அச்சை வைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் என் முகத்துக்கென்றே ஒரு முகமூடி செய்தார்கள். அதைப் போட்டு மேசையோடு இறுக்கிவிட்டால் தலை அசையாது. பிறகு படம் பிடித்தார்கள். நோய் இருக்கும் இடத்துக்கு டாக்டர் கோடு போட்டார். கதிர் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு என்று ஒரு சீனர் பல நாள் கணக்கிட்டார். அந்த அளவையெல்லாம் முகமூடிமேல் கோடாக வரைந்தார்கள். எதற்கு இவ்வளவு என்றால், புண்ணுக்கு மேலேதான் என் இடது கண். கதிர் புண்ணில் பட வேண்டும், கண்ணில் படக்கூடாது.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. தும்மினால் கோடு தள்ளிப்போகுமோ, மெஷின் தவறுமோ என்று ஓயாத பயம். முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அப்பனே, கண்ணைக் காப்பாத்து, கதிர் முடியும்வரை ஒரு வேளை பால் மட்டும் குடித்து விரதம் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கஞ்சியைக் கழிவறையில் ஊற்றினேன். திங்கட்கிழமைதோறும் நர்ஸ் மிஸி வந்து எடை பார்ப்பாள். அவளை ஏமாற்றக் கைலி மடிப்பில் துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியைச் செருகிக்கொண்டேன். முதல் வாரம் ஒன்று. மூன்றாம் வாரம் மூன்று. சாமிக்காகச் சொல்கிற பொய்தானே என்று நினைத்தேன்.

கதிர் வைக்கத் தொடங்கிய நான்காம் வாரம், மெஷின் ஓட்டுகிற நாதன் முகமூடியை இறுக்கினார். தமிழர், என்னைவிட இளையவர். இறுக்கிவிட்டு வெளியே போகாமல் நின்றார். என் கன்னத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு விரலை விட்டார். விரல் உள்ளே போயிற்று.

"என்னாக்கா இது, ஆடுது?"

கழற்றி என்னை உட்கார வைத்தார்.

"எடைச் சீட்டுல ஒண்ணும் குறையல. மூஞ்சி மட்டும் எப்படி வத்தும்? சொல்லுங்க."

விரதத்தைச் சொன்னேன். சவர்க்காரத்தையும் சொன்னேன்.

"நல்லா இருக்கு லா! நாங்க என்ன சவர்க்காரத்துக்கா கதிர் வைக்கிறோம்? இது அரை விரல் நகந்தா உங்க கண்ணுல விழும் அக்கா. முருகன் வந்து உங்க கஞ்சிய வேணாம்னு சொன்னாரா? குடிங்க குடிங்கன்னு நாங்கதான தினம் கத்துறோம்."

அன்றைக்கு மெஷின் ஓடவில்லை. சீனர் வந்து அளந்து பார்த்துத் தலையை ஆட்டினார். டாக்டர் மூன்று நாள் நிறுத்தினார். மறுபடி சாந்து, மறுபடி அச்சு. இந்தத் தடவை வெந்த தோல்மேல். உரித்தபோது உயிர் போயிற்று. மூக்கில் குழாய் விட்டுப் பாலும் முட்டையும் கலந்து ஊற்றினார்கள். முருகனுக்கு வைத்த விரதம் என் மூக்கு வழியாகவே உடைந்தது. சாமி குத்தம் ஆகிவிட்டது, கண் போகப்போகிறது என்று மூன்று நாளும் அழுதேன்.

புது முகமூடி வந்தது. நாதன் விரலை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டு அளவுச் சீட்டைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு கோட்டையும் சரிபார்த்தார். "இப்ப சரிக்கா. படுங்க." அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணைக் காப்பாத்து என்று முருகனிடம் கேட்டேன். அவன் அந்த விரலை அனுப்பினான். நான் கிடந்த பட்டினி அவனுக்கு உதவவில்லை, குறுக்கே நின்றது.

நான்கு வருஷமாக நோய் திரும்பவில்லை. கன்னம் குழிந்துவிட்டது. வாய் இரண்டு விரலுக்குமேல் திறக்காது. எச்சில் ஊறாது. அஞ்சலை இன்னும் என் கையால் தண்ணீர் வாங்குவதில்லை. போன தைமாதம் கல்யாண வீட்டில், "கண்ணு தப்பிச்சு என்னா லா, மூஞ்சி போச்சே" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

வெற்றிலையை விட்டேன். விரதத்தையும் விட்டேன். உங்களில் யாருக்காவது இந்த நோய் வந்தால், முருகனை நம்புங்கள், தாராளமாக நேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் வைத்தியம் செய்கிறவர்களிடம் எதையும் ஒளிக்காதீர்கள். அவன் அவர்கள் கையில்தான் வருகிறான்.

எனக்குப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் பார்க்கிறேன். வேல் தெரிகிறது.