எழுந்திருக்கத் தோன்றாதவர்

ரவிசந்திரனுக்கு எதுவும் நடக்கவில்லை. அதுதான் அவர் மனைவி மங்கையர்க்கரசியைப் பயமுறுத்தியது.

மராட்டிய மாநிலத்து ஆகுர்டியில் மோட்டார் கம்பெனி ஒன்றின் என்ஜின் பிரிவில் இளவயதில் சேர்ந்து, மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றவர். சாவு ஏதும் விழவில்லை, கடன் இல்லை, சர்க்கரைகூடக் கட்டுக்குள் இருந்தது. ஒரே மகள் பார்கவி சற்றுத் தள்ளிக் கராடியில் ஐ.டி. வேலையில் நன்றாக இருந்தாள்.

முன்பெல்லாம் அவர் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. திருமங்கலத்துக்காரர் என்றாலும் கணபதி ஊர்வலத்தில் மராட்டிக்காரர்களோடு சேர்ந்து டோல் மேளம் அடித்துவிட்டுக் கை வீங்கி வருவார். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் சங்கத்துச் செக்ரட்டரி முதலில் தட்டுவது இவர் கதவைத்தான். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி, தானே கழுவி, தானே குழம்பு வைப்பார்.

ஓய்வுபெற்ற அடுத்த வருடம் எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. நடைப்பயிற்சி நின்றது. செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. பிறகு சவரம், பிறகு பேச்சு. காலையில் ஹாலில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலமும் அங்கேயே இருப்பார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார். அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. அவரோடு சண்டை போடக்கூட மங்கைக்கு வழியில்லாமல் போயிற்று.

டாக்டரிடம் போகலாம் என்றால் ஒரே பதில்தான்.

“எனக்கு என்ன? நல்லாத்தானே இருக்கேன்.”

பார்கவி ஒருநாள் போனில் ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொன்னாள். “புக்ஸ்லதாம்மா வரும், யாரும் பேசமாட்டாங்க. உள்ள உயிர்ப்பே இல்லாம, அது வேணும்னும் தோணாம இருக்கறதுன்னு அர்த்தம். அப்பாவுக்கு அப்படியே பொருந்துது.”

“பேரு கெடக்கட்டும்டி. மருந்து இருக்கான்னு பாரு,” என்று மங்கை போனை வைத்தாள்.

அது டிசம்பர் மாதம். குளிருக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். மத்தியானத் தேநீருக்கு அடுப்பில் பால் வைத்த நேரத்தில் கீழே காய்கறி வண்டிக்காரனின் குரல் கேட்டது. மங்கை பையை எடுத்தாள்.

“பால் வச்சிருக்கேன். பொங்குனா அடுப்ப அணைச்சிருங்க.”

அவர் தலையாட்டினார். அவள் இறங்கினாள். பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளேயே இருந்தது.

வெந்தயக்கீரை வாங்கித் திரும்பும்போது செக்ரட்டரி வழிமறித்துத் தண்ணீர் லாரி பற்றிப் பேச ஆரம்பித்தார். அவரிடமிருந்து விடுபட்டுப் படியேறினாள். இரண்டாம் மாடி திரும்பியதும் மூக்கில் அடித்தது. கேஸ்.

மூன்றாம் மாடிக்கு ஓடினாள். கதவிடுக்கு வழியாக அந்த வாடை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. கதவைக் கையால் அறைந்தாள்.

“என்னங்க, கதவத் தெறங்க. கேஸ் ஒழுகுது.”

உள்ளே இருமல் கேட்டது. நாற்காலி இருக்கும் மூலையிலிருந்துதான். மயக்கமில்லை, தூக்கமில்லை. காலடிச் சத்தம் மட்டும் வரவில்லை.

மேல்மாடியிலிருந்து முகமது ரஃபீக் இறங்கி வந்தார். ஆம்பூர்க்காரர், இவர்களுக்கு வெகுநாள் பழக்கம். வந்த வேகத்தில் அழைப்புமணிக்குக் கை நீட்டினார். மங்கை அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“மணி அடிக்காதீங்க தம்பி. பொறி பட்டாப் போச்சு.”

ரஃபீக்கின் முகம் வெளிறியது. “அண்ணன் உள்ளயா இருக்காரு?”

“இருக்காரு. எந்திரிக்க மாட்டேங்கறாரு.”

ரஃபீக் தோளால் இரண்டு முறை இடித்துப் பார்த்தார். கதவு அசையவில்லை. போன வருடம்தான் திருட்டுக்குப் பயந்து கெட்டிக் கதவாக மாற்றியிருந்தார்கள்.

“கீழ போங்க. எல்லா வீட்டுக்காரங்களயும் வெளிய எறக்குங்க. ஃபயர் எஞ்ஜினுக்கு ரோட்டுல நின்னு போன் பண்ணுங்க,” என்றாள் மங்கை.

“நீங்களும் வாங்கக்கா.”

“நான் வரல.”

அவர் தயங்கிவிட்டு, கத்திக்கொண்டே படியிறங்கினார். மங்கை கதவோடு முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். தொண்டை எரிந்தது. இப்போது அவள் கெஞ்சவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“நான் வாசல்லதான் உக்காந்திருக்கேன். எங்கயும் போகப் போறதில்ல. உங்களுக்கு எது வருதோ அது எனக்கும் வரட்டும்.”

உள்ளே மறுபடி ஒரு இருமல். பிறகு நாற்காலிக் கால் தரையில் உராயும் ஓசை. செருப்பில்லாத பாதங்கள் மெதுவாக, மிக மெதுவாக வந்தன. பூட்டு திறந்தது.

அவரை வெளியே இழுத்துப் படியில் தள்ளிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். ரெகுலேட்டரைத் திருப்பி மூடினாள். ஒரு ஸ்விட்சையும் தொடாமல் ஜன்னல் ஒவ்வொன்றையும் திறந்தாள். பிறகு வெளியே வந்தாள். அவர் படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாட வரலையா உங்களுக்கு?”

“வந்துச்சு.”

“சாகணும்னு நெனச்சீங்களா?”

அவர் யோசித்தார். “இல்ல. சாகணும்னும் தோணல. எந்திரிக்கணும்னும் தோணல.”

அவர் பொய் சொல்லவில்லை என்று மங்கைக்குத் தெரிந்தது. அவள் கேட்டாள்: “அப்புறம் எதுக்கு எந்திரிச்சீங்க?”

“நீ வெளிய உக்காந்துட்டியே.”

மறுநாள் அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிவிட்டு, ஆட்டோவில் ஏற்றி, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். பார்கவியும் லீவு போட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெண் டாக்டர் நிதானமாகப் பேசினார். இது சோம்பல் இல்லை, திமிரும் இல்லை, நோய். அழுகை இல்லாமலும் இது வரும், மெதுவாகத்தான் விலகும் என்றார்.

மெதுவாகத்தான் விலகியது. முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். ஹோலி வந்து போனது, அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மங்கை வெளியே போகும்போதெல்லாம் சிலிண்டரை மூடிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். சில நாள் அவர் குளித்தார், சில நாள் குளிக்கவில்லை. நம்பிக்கை வந்த மறுநாளே அது போய்விடும்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் மருந்துக்கடையில் இருவரும் வரிசையில் நின்றிருந்தார்கள். பைக்கில் வந்த இளைஞன் ஒருவன் எல்லோரையும் தாண்டிக் கவுண்டரில் கையை நீட்டினான். ரவிசந்திரன் நிமிர்ந்து பார்த்தார். வரிசை கண்ணுக்குத் தெரியவில்லையா என்று மராட்டியில் கேட்டார். அவன் ஏதோ எதிர்த்துப் பேச, இவர் குரல் ஏறியது. கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

மங்கை குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். சண்டை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று இருந்தது அவளுக்கு.

அன்று பார்கவி போன் செய்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

“இன்னைக்குக் கோபம் வந்துச்சுடி உங்கப்பாவுக்கு,” என்றாள் மங்கை.