கழற்றி வைத்த சீட்டு

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் எக்ஸ்போர்ட் சூடு பிடித்திருந்த நேரம். வீரபாண்டிப் பக்கம் பதினைந்து மெஷின் போட்டு, ஒரு பெரிய கம்பெனிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தேன். கீழே கம்பெனி, மாடியில் வீடு. அந்த வருஷம்தான் எங்கள் குடும்பத்துக்கு முதன்முதலாக நாலு சக்கர வண்டி ஒன்று வாங்கினோம். அந்த வண்டியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். ஒன்றரை வயதில் வந்த போலியோவில் அவளுக்கு இரண்டு காலும் வலுவிழந்துவிட்டன. இடுப்பு வரை காலைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் காலிபர் மாட்டினால் சுவரைப் பிடித்தோ கம்பை ஊன்றியோ நடப்பாள். ஐந்தாவது வரை தெருமுனையில் இருந்த பள்ளிக்கூடம். என் மனைவி இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவாள். ஆறாவது படிக்க டவுனுக்குப் போக வேண்டும். கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸில் அவளை எப்படி அனுப்புவது? சொந்தக்காரர்கள் வந்து, படித்தவரைக்கும் போதும், பிள்ளை ஊட்டிலேயே இருக்கட்டும் என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். வண்டி வாங்கினால் அவளுக்குப் படிப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை. நிலைமை அவ்வளவுதான்.

எந்த வண்டி என்பதில்தான் வீட்டில் தகராறு. எனக்குக் கார் ஆசை. சாமளாபுரத்தில் தறி வைத்திருந்த என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், என் ஆசைக்கு நன்றாகத் தூபம் போட்டார். மனைவி மட்டும் அப்போது எங்கள் பக்கம் பரவலாக ஓட ஆரம்பித்திருந்த சின்ன வேன்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

“மாப்ள, கார்ல போய் எறங்குனீங்கன்னா மொதலாளிம்பாங்க. இந்த டப்பாவுல போனீங்கன்னா ரொட்டிக்காரன்னு நெனச்சுப் பையத் தூக்கிட்டு வருவாங்க” என்றார்.

மனைவி வாதாடவே இல்லை. மகளையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் ஷோரூமுக்குக் கிளம்பிவிட்டாள். முதலில் காரில் ஏறச் சொன்னாள். காலிபர் மாட்டிய கால் மடங்காது. மடக்க வேண்டுமென்றால் முழங்கால் பூட்டைத் தள்ளிவிட வேண்டும், அந்த இடுக்கில் அதற்குக் கை எட்டவில்லை. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் காலை நுழைக்க முடியாமல் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. பிறகு வேன். கதவு பக்கவாட்டில் தள்ளினால் அகலமாகத் திறந்தது. தரை தாழ்வு. பின்னால் இரண்டு சீட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. விளிம்பில் உட்கார்ந்து, கையை ஊன்றி உள்ளே நகர்ந்து, இரண்டு காலையும் நீட்டி எதிர்சீட்டில் வைத்துக்கொண்டாள். கதவை அவளே இழுத்துப் பார்த்தாள். இரண்டு தடவை பாதியில் நின்றது. மூன்றாவது தடவை சாத்திக்கொண்டது.

“நானே சாத்தீட்டனுங்கப்பா” என்றாள் உள்ளேயிருந்து.

அந்த ஷோரூமில் எனக்குக் கண் கலங்கியது உண்மை. வேனே வாங்கினோம். ஆனால் இன்னொன்றும் உண்மை. அன்றைக்கு மனைவி மகளின் காலைப் பார்த்தாள். நான் சீட்டுக்கு அடியில் எத்தனை போல்ட் என்று குனிந்து பார்த்தேன். ஒரு சீட்டுக்கு நாலே போல்ட். இரண்டையும் கழற்றினால் நாற்பது பண்டல் துணி உள்ளே போகும் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டது என் புத்தி.

முதல் இரண்டு மாதம் ராஜவாழ்க்கை. காலையில் நான் ஓட்டிக்கொண்டு போய் விடுவேன், சாயங்காலம் போய்க் கூட்டி வருவேன். வண்டியில் ஏறினால் வாய் ஓயாது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை குண்டடம் பக்கம் மனைவியின் சித்தி ஊருக்குப் போவோம். வெயிலில் நடந்து போக வேண்டிய தோட்டத்துக்குள்ளேயே வண்டி போய் நிற்கும், பிள்ளைக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

அப்புறம் ஒரு நாள் டெம்போ வரவில்லை. பெரிய கம்பெனியின் கட்டிங்கிலிருந்து வெட்டிய துணிகளை அன்றைக்கே எடுத்து வந்தாக வேண்டும், ஷிப்மெண்ட் நெருக்கடி. இரண்டு சீட்டையும் கழற்றினேன். ஒரு நாள்தானே என்றுதான் மனைவியிடம் சொன்னேன். திருப்பூரில் அப்போது யார் வீட்டு வண்டியைப் பார்த்தாலும் இதே கதைதான். ஸ்கூட்டரில் பெண்டாட்டி உட்காரும் இடத்தில் நூல் கோன் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கென்று வாங்கினது எதுவும் வீட்டோடு இருக்காது. எனக்கும் அது தப்பாகவே படவில்லை. அந்த ஒரு நாள் வாரத்துக்கு மூன்று நாளாயிற்று. பிறகு சீட்டை மாட்டிக் கழற்றச் சலிப்பாக இருந்தது. சீட்டு கம்பெனி மூலையில் கிடந்தது. டெய்லர்கள் அதில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பிள்ளைக்குத் தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்துக் கொடுத்தேன். சாயங்காலம் அவளைக் கூட்டி வரும்போது பண்டல் ஏற்றியிருந்தால் பண்டல் மேலேயே உட்கார வைத்துவிடுவேன்.

மனைவி நாலைந்து தடவை கேட்டாள். இந்த ஆர்டர் முடியட்டும் என்பேன். ஆர்டர் முடியும், அடுத்தது வரும். பிள்ளை மட்டும் ஒன்றும் கேட்டதில்லை. உயரத்தில் உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தாள். நானும் அதை நம்பினேன், நம்பினால்தானே வசதி.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. வெள்ளைத் துணி. வெள்ளை என்றால் எங்கள் தொழிலில் வயிற்றில் நெருப்பு. ஒரு பொட்டுக் கறை பட்டாலும் பீஸைத் திருப்பி எறிவார்கள். கட்டிங்கில் பண்டல்களை ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளையை மேலே உட்கார வைத்து, ஐந்தரை மணிக்குக் கம்பெனி வாசலில் நிறுத்தினேன். ஆட்கள் பண்டலை இறக்கி டேபிளில் வைத்தார்கள். பார்த்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏழெட்டுப் பண்டலில் கறை.

காலிபர் மூட்டு கிறீச்சிடாமல் இருக்க, ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்தான் தையல் மெஷின் ஆயில் இரண்டு சொட்டு விடுவேன். என் புத்தி நேராக அங்கேதான் போனது. பிள்ளை அப்போதுதான் கம்பை ஊன்றிக் கம்பெனி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். டெய்லர், துணி மடித்துக் கொடுக்கும் கைமடி, செக்கிங் என்று இருபது பேர் சுற்றி நிற்கிறார்கள். நான் கத்தினேன்.

“உன்னைய வண்டியில ஏத்துனதே தப்பு. அந்த இரும்புக் காலை எங்க வெக்கோணும்னு தெரியாதா உனக்கு? வெள்ளைத் துணி பூராத்தையும் நாசம் பண்ணிட்டு வந்து நிக்கறே.”

கண்ணு என்று சேர்க்காமல் அவளை அதுவரை நான் கூப்பிட்டதே கிடையாது. அன்றைக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. இரும்புக் கால் என்று வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு மெஷினும் நின்றுவிட்டன. அவள் என்னைப் பார்த்தாள், கறையைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏற ஆரம்பித்தாள். மாடிக்கு அவளை எப்போதும் நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். பதினெட்டுப் படியையும் அன்றைக்கு அவளே ஏறினாள்.

கொஞ்ச நேரத்தில், செக்கிங் பார்க்கும் அக்கா ஒரு பண்டலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வருஷக்கணக்கில் கறை பார்த்த கண் அது.

“ஏனுங்கண்ணா, இது பாப்பா கால்ல பட்டதில்லீங்க. மெஷின் ஆயிலா இருந்தா மஞ்சளாப் பரவியிருக்கோணும். இது கருப்பு. அதுவும் அடிப் பண்டல்லதான் இருக்குது, பாப்பா உக்காந்த மேல் பண்டல்ல ஒண்ணுமே இல்லீங்க” என்று மெதுவாகச் சொன்னார்.

வெளியே ஓடிப் போய் வேனைப் பார்த்தேன். கதவு நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. அன்றைக்குக் காலையில்தான், கதவு இறுகிப் போய்ப் பிள்ளை இரண்டு கையாலும் இழுக்கிறாளே என்று, விரலால் அள்ளி நானே பூசியிருந்தேன். அதன் மேலேயே பண்டலை இழுத்து ஏற்றியதும் நான்தான்.

அப்போதே உள்ளே போய், எல்லார் முன்னாலும், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலாளி என்ற எண்ணம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. கறை எடுக்கும் மருந்தைப் போடச் சொல்லிவிட்டு, வேலையைப் பார்ப்பவன் போல அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். செக்கிங் அக்காவும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, என் மரியாதை கருதித்தான்.

மாடிக்குப் போனபோது பிள்ளை போர்த்திப் படுத்திருந்தாள். மனைவிக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் பக்கத்தில் சண்டையிலும் மரியாதை குறையாது. அதனாலேயே அது இன்னும் ஆழமாக இறங்கும்.

“வண்டி எதுக்குங்க வாங்குனோம்?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து வண்டியைக் கழுவி, சீட்டை மாட்டினேன். எட்டு மணிக்கு ஹாரன் அடித்தேன். யாரும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன் என்று பிள்ளை சொல்லிவிட்டாள். ஒரு வாரம், இரண்டு வாரம். எந்தப் படிப்புக்காக வண்டி வாங்கினேனோ அது என்னாலேயே நின்று போனது. கடைசியில் மனைவிதான் பழைய மொபெட் ஒன்றை ஏற்பாடு செய்து, நாலு நாளில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகிக்கொண்டாள். அதுவரை சைக்கிள்கூடத் தொட்டதில்லை அவள். பிள்ளையைப் பின்னால் ஒருபக்கமாக உட்கார வைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொள்வாள். காலிபர் போட்ட கால் இரண்டும் ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். துணி ஏற்ற நான் மறுபடியும் டெம்போ பிடித்தேன். வேன் வாசலில் சும்மா நின்றது.

ஐப்பசி மழை. ஒரு நாள் சாயங்காலம் மனது கேட்காமல் வேனை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போனேன். அவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். கொட்டுகிற மழையில் மொபெட்டுக்குப் பின்னாலேயே மெதுவாக ஓட்டி வந்தேன். சாயத்தண்ணீர் ஓடும் பள்ளத்தருகே மொபெட் நின்றுவிட்டது. மனைவி பிள்ளையைத் தூக்கிப் போய்ப் பக்கத்திலிருந்த பஸ் நிழற்குடையில் உட்கார வைத்துவிட்டு, வண்டியை உதைத்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் போய்ப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் நனைந்திருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அன்றைக்குப் பட்டது உன் காலால் இல்லை கண்ணு, நான் கதவுக்குப் பூசின கிரீஸ் என்று சொன்னேன்.

“எனக்கு அப்பவே தெரியுமுங்கப்பா. காத்தால நீங்க பூசறத மாடியிலிருந்து பாத்துட்டுத்தான இருந்தேன்” என்றாள்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எல்லாரும் நின்னுட்டு இருந்தாங்கல்லங்கப்பா. அத்தன பேத்துக்கு முன்னால சொன்னா உங்களுக்குக் கேவலமாப் போயிருமுங்கல்ல.”

பதினொரு வயதுப் பிள்ளை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சீட்டு மாட்டியாகிவிட்டது, இனி ஒரு பண்டல்கூட அதில் ஏறாது, வந்து உட்கார் கண்ணு என்று கெஞ்சினேன்.

“வேண்டாங்கப்பா. அது கம்பெனி வண்டியாவே இருக்கட்டுங்க” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை. ரொம்பப் பணிவாகச் சொன்னாள். அதற்குள் மொபெட் கிளம்பிவிட்டது. மனைவி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பள்ளிப்படிப்பு முழுக்க அந்த மொபெட்டில்தான். வேனை அடுத்த வருஷமே ஒரு காய்கறி வியாபாரிக்கு விற்றுவிட்டேன். மகள் நன்றாகப் படித்தாள், நல்ல வேலையில் இருக்கிறாள், வெளியூரில் சொந்தக் குடும்பத்தோடு இருக்கிறாள். என்னிடம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். போனில் சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று விசாரிப்பாள். ஆனால் அந்த இரண்டு மாதம் வண்டியில் என்னிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பிள்ளையை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

இருபது பேர் முன்னால் அவள் என் மானத்தைக் காப்பாற்றினாள். அதே இருபது பேரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷமாக வாய் வரவில்லை, இப்போது சொல்லலாமென்றால் அவர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ தெரியாது. அவர்களில் ஒருவராவது இதைப் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளட்டும்: அன்றைக்கு அந்தத் துணியைக் கெடுத்தது என் கைதான், என் மகளின் கால் இல்லை.