துவக்கின் கூடு

டெனிஸ்டனுக்கு ஜேர்மன் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பஸ்ஸில் சண்டை பிடிக்கத் தெரியும், டொக்டரிடம் வயிற்றுவலியை விவரிக்கத் தெரியும். ஆனாலும் பாழாய்ப்போன ஒரு சொல், ஆமாம் என்று அர்த்தப்படும் ‘யா’ என்கிற அந்த ஒற்றை எழுத்து, அவனை ஒரு வெள்ளிக்கிழமை குப்புறக் கவிழ்த்துவிட்டது.

ஜேர்மனியின் எசன் நகரில் இருபது பேர் வேலைசெய்யும் ஒரு பட்டறையில் அவன் உலோகம் வெட்டும் தொழில் பழகுகிறான். வயது இருபத்தொன்பது, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியில் முதல் வருடம். அகதி வழக்கு எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது. இந்தப் பயிற்சி நடக்கும்வரை இருந்துகொள் என்று டுல்டுங் கடதாசி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி நின்றால் ஆறு மாதத்துக்குள் வேறு இடம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழும்புக்குப் பிளேன். இந்த இடம் கிடைப்பதற்கே நாற்பத்தொரு விண்ணப்பம் போட்டவன் அவன்.

அந்த வெள்ளிக்கிழமை பட்டறையின் தலைமைத் தொழிலாளி மைஸ்டர் ஹொல்கர் ஒரு வரைபடத்தோடு வந்தார். தலைப்பில் ‘கெஹொய்ஸ’ என்றிருந்தது. கூடு என்று அர்த்தம். ஏழு மாதமாகத் தண்ணீர்ப் பம்புகளுக்குக் கூடு வெட்டியவன், இதுவும் அப்படியொன்று என்றுதான் கையில் வாங்கினான். உற்றுப் பார்த்தான். பம்புக்கு எதற்கு இந்த நீட்டுவாக்குத் திறப்பு? இது துவக்கின் நடுக்கூடு. குண்டு ஏறுவதும், வெடித்த கோது துள்ளி விழுவதும் இதற்குள்ளேதான். பதின்மூன்று வயதில் முள்ளிவாய்க்கால் மணலில் குப்புறக் கிடந்தவனுக்கு இதையெல்லாம் யாரும் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

“வேட்டைத் துவக்கு. அனுமதிப் பத்திரமெல்லாம் சரியாக இருக்கிறது. காட்டுப்பன்றி சுடுகிறவர்களுக்கு,” என்றார் ஹொல்கர்.

காட்டுப்பன்றியாம்! அவனுடைய அக்கா கொறற்றியின் இடது தோளைத் துளைத்துப் போனது என்ன, பன்றிக்கு வைத்த குண்டா?

ஹொல்கர் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “வில்ஸ்ட் டு டாஸ் நிஹ்ட் மாஹென்?”

சொல்லுக்குச் சொல் பார்த்தால், இதைச் செய்ய நீ விரும்பவில்லையா என்று வரும். நம்மவர்கள் இதற்கு என்ன சொல்வோம்? ஓம், விருப்பமில்லை என்போம். அவனும் உள்ள தைரியத்தையெல்லாம் திரட்டி, “யா” என்றான். ஹொல்கர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். என்ன நல்ல மனுசன், கோபமே படவில்லை என்று டெனிஸ்டன் நினைத்துக்கொண்டான்.

அன்று பின்னேரம் கொறற்றியிடம் சொன்னான். அவர்கள் இருவரும்தான் ஒரு வீடு. கந்தோர், அலுவலகம் என்று துப்புரவாக்கும் வேலை அவளுக்கு. இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. காலையில் அவளுக்குத் தலை இழுத்துக் கொண்டை போட்டுவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போவான்.

“உனக்கென்ன விசரே?” கொறற்றி அகப்பையை அப்படியே போட்டுவிட்டாள். “ஆரைக் கேட்டு மாட்டன் எண்டனி?”

“உனக்குப் பட்டது அந்தச் சாமானாலைதானே அக்கா.”

“பட்டது எனக்கு. நானே வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறன். திங்கள் போய் அந்தாளின்ரை காலிலை விழு. செய்யிறன் எண்டு சொல்லு.”

“ஏலாது அக்கா.”

“அப்ப உன்னைப் பிளேனிலை ஏத்தினாப் பிறகு என்ரை தலையை ஆர் கட்டுறது? சொல்லன்ரா!”

அவள் அழுதாள். அவனும் அழுதான். ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், “சரி, அந்தாளிட்டைக் கேக்கிறன்” என்றான். மானம் ரோசம் எல்லாவற்றையும் அந்த டிராம் தரிப்பிடத்திலேயே விட்டுவிட்டு வந்தான் பாவம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. கெஞ்சுவதற்கு வசனம் பாடமாக்கிக்கொண்டு போனவனை ஹொல்கர் சிரித்த முகத்தோடு கையைப் பிடித்து இழுத்துப் போனார். மில்லிங் மெஷினில் உருக்குக் கட்டி இறுக்கியாயிற்று. செய்நிரல் ஏற்றியாயிற்று. பச்சைப் பொத்தானை அமுக்குவது மட்டும்தான் பாக்கி.

“உன் முதல் தனி வேலை! நீ உடனே ‘யா’ என்றாயே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?”

அப்போதுதான் டெனிஸ்டனுக்கு உறைத்தது. மனுசன் அன்று, இதை நீயே செய்யேன் என்று ஆசையோடு கேட்டிருக்கிறார்! இவன் மறுத்தது பட்டறையில் ஒரு குருவிக்கும் தெரியாது. இனிக் கெஞ்சவும் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு விரலை அசைத்தால் வேலையும் இருக்கும், கடதாசியும் இருக்கும், அக்காவுக்குக் கொண்டையும் இருக்கும்.

விரல் பொத்தான்வரை போய்விட்டது. பக்கத்து மேசையில் அவனுடைய எண்குத்தி கிடந்தது. செய்து முடித்த ஒவ்வொரு சாமானிலும் செய்தவன் தன் எண்ணைக் குத்திக் கொடுப்பது அந்தப் பட்டறை வழக்கம். அவனுடையது பதினேழு. பம்புக் கூடுகளில் அதைப் பெருமையோடு குத்தியிருக்கிறான். இன்று அறுபது கூடு. அறுபதிலும் பதினேழு. கடவுளே, அது போய் யார் கையில் இருக்கும், யாரைப் பார்த்து நீட்டியிருக்கும்? அவன் விரலைப் பின்னுக்கு இழுத்தான்.

“வில்ஸ்ட் டு நிஹ்ட் அன்ஃபாங்கென்?” என்றார் ஹொல்கர். தொடங்கவில்லையா?

இந்த முறை அவனுக்கு எந்தச் சொல் என்று தெரியும்.

“நைன்,” என்றான். மாட்டேன்.

ஹொல்கரின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. திரும்பவும் கேட்டார். திரும்பவும் நைன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கந்தோர் வாசலில் போய் இரு என்றார். உள்ளே அவர் யாருடனோ தொலைபேசியில் பேசுவது கேட்டது. என்ன பேசுகிறார் என்று பிடிபடவில்லை.

கைபேசியில் அக்காவின் செய்தி இரண்டு கிடந்தது. “தொடங்கீட்டியோ?” என்று ஒன்று. அரை மணி கழித்து, “என்னடா, தொடங்கேல்லையோ?”

அவன் இரண்டாவதற்கு “ஓம்” என்று எழுதி அனுப்பினான். கொறற்றிக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வாசித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் கந்தோர்க் கதவு திறக்கிற நேரத்தில்தான் வந்தது.

“பின்னேரம் நேரத்துக்கு வா. கொண்டை அவிழ்ந்துபோச்சு.”