எனக்கொரு பிரஷர் கேஸ்

நர்சிங் படிக்கும்போது மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று எங்களுக்கு வகுப்பெடுத்தார்கள். மூச்சை ஆழமாக இழுத்து விட வேண்டுமாம். வகுப்பறையில் நன்றாகத்தான் வந்தது. சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் அறையில் இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நாங்கள் கழிப்பறைக்குப் போய் அழுதோம். அங்கேயும் முன்னால் ஆள் நிற்கும்.

வார்டுப் பயிற்சி முடிந்ததும் பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் போஸ்டிங் போட்டார்கள். ஆளுக்கொரு ரத்த அழுத்தக்காரரைப் புதிதாகக் கண்டுபிடித்து, அவரைப் பற்றி, மார்க் போடும் எங்கள் மேடத்தின் முன்னால் விளக்க வேண்டும். கேஸ் கிடைக்காவிட்டால் ஜூனியர்களோடு மறுபடியும் முதலிலிருந்து. ஊரார் நலமே எங்கள் நலம் என்று விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தவர்கள், யாருக்காவது பிரஷர் ஏறாதா என்று தெருத்தெருவாக அலைந்தோம்.

கரும்பு வெட்டப் போனவர்கள் போக, வீட்டிலிருந்தவர்களை மற்றவர்கள் முந்திக்கொண்டு பிடித்துவிட்டார்கள். "அந்தப் பச்ச கேட்டு வூடு என்னுதுடி, உள்ள போவாத" என்று தோழி வழிமறித்தாள். அவளிடம் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். என்னிடமிருந்த சர்க்கரைக்காரரைத் தருகிறேன், ஒரு பிரஷரைக் கொடு என்று பேரம் பேசினேன். படியவில்லை. எனக்கு அகப்பட்டவர்கள் எல்லோரும் அநியாயத்துக்கு ஆரோக்கியமாக இருந்தார்கள். நார்மல் என்று நான் சொன்ன தொனியைக் கேட்டு ஒரு பெரியவர் அரண்டுபோய், "இன்னாம்மா, எதுனா பெரிய வியாதியா?" என்றார்.

கடைசி நாள் காலையில் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். எங்கள் ஊர் பக்கத்தில்தான் என்பதால் அம்மா மதியம் சோறு கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னும் கெடைக்கலியா?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத்தான் அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன்.

கேட்டதை நம்பாமல் மறுகையிலும் பார்த்தேன். மேடமும் வந்து பார்த்தார். நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது.

"லக்கிடி நீ, வூட்லயே கேஸ்!" என்று தோழி முதுகில் தட்டினாள். நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

"தலை சுத்துமாம்மா?"

"கொஞ்ச நாளாவே சுத்துது."

"ஏன் சொல்லல?"

"நீயே போஸ்டிங்கு போஸ்டிங்குன்னு பயந்துகினு கெடக்கற. இதுல இது வேறயா?"

எனக்கு அழுகை வந்தது. மேடம் மாத்திரை எழுதி வாங்க டாக்டரைத் தேடிப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்பதுபோல அம்மா என் பக்கம் குனிந்தாள்.

"இது போதுமாடி? பாஸ் போட்டுடுவாங்களா?"