அரைப்புள்ளியும் இரட்டை உம்மையும்

தமிழில் ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை செயலையும் அடுக்கலாம். 'எழுந்து, முகம் கழுவி, தேநீர் வைத்து, பிள்ளையை எழுப்பினாள்' என்றால் வினைமுற்று ஒன்றுதான். மற்றவை எல்லாம் வினையெச்சங்கள். கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றில் இதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவள் நான். இடம்பெயர்ந்து நெளுக்குளத்தில் வாடகை அறையொன்றில் குடியேறிய பிறகு, அதே இலக்கணம் என்னை ஒரு பிழைக்குள் கொண்டுபோய் விட்டது.

தொண்ணூறுகளின் கடைசி, போர்க்காலம். வவுனியா நகரின் சிறிய நிவாரண அலுவலகம் ஒன்றில் எனக்குத் தட்டெழுத்து வேலை கிடைத்தது. வன்னியின் உட்பகுதியிலிருந்து மருத்துவத்துக்காக வவுனியாவுக்கு வந்தவர்கள், குணமானதும் வீடு திரும்ப எங்களிடம் பெயர் பதிவார்கள். பாதை எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. திறக்கிற நாளில் யார் போகலாம் என்பது நாங்கள் அனுப்பும் பட்டியலில்தான் இருந்தது. அது வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு முன் மாவட்டச் செயலகத்துக்குப் போய்விட வேண்டும். ஆங்கில எழுத்து வரிசையில், அச்சில் இருக்க வேண்டும். கையால் எழுதிச் சேர்த்த பெயரை ஏற்கமாட்டார்கள்.

எங்களிடம் இருந்தது, வந்துபோன பொறியியலாளர் ஒருவர் விட்டுச்சென்ற பழைய கணினி. படமும் இல்லை, சுட்டியும் இல்லை, வெறும் கருந்திரை. ஒரு கட்டளையைத் தட்டி என்ரர் விசையை அழுத்தினால் ஒரு வேலை நடக்கும். அது முடிந்ததும் அடுத்த கட்டளையைத் தட்ட வேண்டும். எதிர் மேசையில் இருந்தவள் பூநகரிக்காரி, என் வயதுக்காரி, எனக்கு முன்பே அந்தக் கணினியைப் பழகியவள். என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

மின்சாரம் நினைத்த நேரத்தில் வந்தது, நினைத்த நேரத்தில் போனது. ஒருநாள் என் நிதானத்தைப் பார்த்துப் பொறுமை இழந்து அவள் சொன்னாள்:

"ஒவ்வொண்டா அடிச்சுக்கொண்டிருந்தால் கரண்ட் போயிடும் ரீச்சர். எல்லாத்தையும் ஒரே வரியில கோத்து விடுங்கோ. நடுவில அரைப்புள்ளி. ஒருக்கா அழுத்திப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம்."

"அரைப்புள்ளியோ? நான் படிப்பிச்ச பிள்ளையள் ஒருத்தரும் அதை ஒழுங்காப் போட்டதில்லை."

"இது போடாட்டி விடாது. உங்களை விடக் கண்டிப்பு."

அன்றிலிருந்து மூன்று கட்டளைகளை, நடுவில் ; போட்டு, ஒரு வரியில் கோத்தேன். பெயர்களை வரிசைப்படுத்திப் புதிய கோப்பில் இடு. பழைய கோப்பை அழி. புதிய கோப்பை அச்சிடு. கணினியில் இடம் குறைவு என்பதால்தான் நடுவில் அந்த அழிப்பு. மறந்துபோகாமல் இருக்க என் கொப்பியில் அதைத் தமிழில் எழுதி வைத்தேன்: 'வரிசைப்படுத்தி, அழித்து, அச்சிடு.' இரண்டு வினையெச்சமும் ஒரு வினைமுற்றும். எழுதியபோது எனக்கு மிகுந்த திருப்தி.

அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்து நீள வாங்கில் வந்து அமர்ந்திருந்தவர்களில் அக்கராயனைச் சேர்ந்த ஒரு பெண்ணும் இருந்தார். மலையகத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே வயல்வேலை செய்து வேரூன்றிய குடும்பம். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்ய வந்தவர், நான்கு வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். காயம் ஆறிய பிறகும் வீடு போகலாம் என்ற ஆஸ்பத்திரித் துண்டு வரத் தாமதித்ததால், முன்னைய முறை பாதை திறந்தபோது அவரால் போக முடியவில்லை.

"ரீச்சரம்மா, பேரு போயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லை. மத்தியானம் போகும்."

"பாப்பாவுக்கு நாலு வயசுங்க. இன்னும் நாளானா என் மூஞ்சி மறந்துருமுங்க. அதுதான் பயமாயிருக்கு. வயித்து வலி கூடப் பரவால்ல."

நான்கு வயதுப் பிள்ளையின் ஞாபகத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அந்த வெள்ளிக்கிழமைப் பட்டியல், அதுவரை நான் தட்டியவற்றுள் மிக நீளமானது. பதினொன்றரை மணிக்கு வரியைக் கோத்து, அழுத்திவிட்டு, குசினிக்குள் போய்த் தேநீர் ஊற்றினேன். அச்சு இயந்திரம் கறகறவென்று ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தாள்கள் மடிந்து கிடந்தன. அந்தப் பெண் வாங்கிலிருந்து எழுந்து, தன் பெயரைக் காட்டச் சொன்னார். அவர் பெயர் ஆங்கிலத்தில் V என்ற எழுத்தில் தொடங்குவது. கடைசித் தாளைப் புரட்டினேன்.

பட்டியல் P என்ற எழுத்தோடு நின்றிருந்தது. கடைசி வரியில் யாரோ ஒருவருடைய பெயரின் முதல் மூன்று எழுத்துகள் மட்டும் இருந்தன.

எதிர் மேசைக்காரி எழுந்து வந்து திரையை வாசித்தாள். இடம் போதாது என்ற செய்தி அங்கே கிடந்தது.

"ரீச்சர், வரிசைப்படுத்திறது பாதியில நிண்டிட்டுது. நிண்ட பிறகும் மற்ற ரெண்டையும் செய்திருக்கு. பழைய கோப்பும் போயிட்டுது."

"வரிசைப்படுத்தி எண்டுதானே எழுதினன். அது முடிஞ்சால்தானே..."

"அது தமிழில."

அவள் குத்திக்காட்டுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பிழை முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் இருந்தது. தமிழில் 'வரிசைப்படுத்தி' என்று சொன்னாலே அந்தச் செயல் முடிந்துவிட்டது என்று பொருள். கழுவாத முகத்தைக் 'கழுவி' என்று எவரும் சொல்வதில்லை. அரைப்புள்ளியில் நான் அந்த எச்சத்தைக் கேட்டிருந்தேன். கணினிக்கு அரைப்புள்ளி 'அடுத்தது' என்று மட்டுமே சொல்லும். முன்னது முடிந்ததா, முறிந்ததா என்று அது கேட்பதில்லை.

"முன்னது சரிவந்தால்தான் அடுத்ததுக்குப் போகவேணுமெண்டால் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"உம் எண்டதுக்கு ஒரு அடையாளம் இருக்கெல்லே, அதை ரெண்டு தரம் போடவேணும்." தாளின் ஓரத்தில் && என்று எழுதிக் காட்டினாள்.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"அரைப்புள்ளி காணும் எண்டு நினைச்சன். எனக்கும் இண்டைக்குத்தான் தேவைப்படுது."

பதிவுப் படிவங்கள் பெட்டியில் இருந்தது எங்கள் நல்ல காலம். பழைய கடிதக் கோப்புகளை அழித்து இடம் உண்டாக்கினோம். P முதல் உள்ள படிவங்களை அவள் எடுத்து வாசிக்க, நான் தட்ட வேண்டும். அதற்கு முன் வாங்கில் இருந்தவரிடம் போனேன்.

"அக்கா, உங்கட பேர் இதில விடுபட்டிட்டுது. என்ர பிழை. இப்ப திரும்ப அடிக்கிறம். ரெண்டு மணிக்குள்ள முடிக்கவேணும்."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "முடிஞ்சுருமுங்களா?"

"கரண்ட் இருந்தால் முடியும்."

"அப்ப நீங்க போங்க, ரீச்சரம்மா. என்கிட்டப் பேசிக்கிட்டு நிக்காதீங்க."

அவருடைய பெயரை முதலில் தட்டினேன். எந்த இடத்தில் தட்டினாலும் வரிசைப்படுத்தும்போது அது தன் இடத்துக்குத்தான் போகும். தெரிந்துகொண்டே முதலில் தட்டினேன். வழக்கமாக ஒரு மணியளவில் மின்சாரம் போகும். ஒரு மணி கடந்தபோது இருவரும் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தோம். ஒன்று இருபதுக்கு, வரிசைப்படுத்துவதற்கும் அச்சிடுவதற்கும் நடுவில் இரட்டை அடையாளத்தை வைத்து வரியைக் கோத்தேன். அழிக்கும் கட்டளையைச் சேர்க்கவே இல்லை. என்ரரை அழுத்திய பிறகு தேநீருக்கும் போகவில்லை.

இயந்திரம் சற்று நேரம் பேசாமல் இருந்தது. பின்னர் அச்சு ஓடத் தொடங்கியது. அன்று மாலைவரை மின்சாரம் போகவில்லை என்பது வேறு கதை.

தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆங்கில எழுத்து தெரியாத அவர், நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தார்.

"இதுதானுங்களா நான்?"

"ஓம். கடைசியிலயிருந்து மூண்டாவது."

"கடைசின்னா பஸ்ஸுல எடம் இருக்குமுங்களா?"

"ரீச்சர் அடிச்ச லிஸ்ற் எல்லே, அக்கா," என்று எதிர் மேசைக்காரி இடையில் புகுந்தாள். "இண்டைக்கு ரெண்டு தரம் அடிச்சவா. இருக்கும்."

அவர் அப்போதுதான் சிரித்தார்.

அடுத்த வாரம் பாதை திறந்தது, அவர் போனார். ஒரு மாதம் கழித்து அக்கராயனிலிருந்து கண் மருத்துவத்துக்கு வந்த ஒரு பெரியவர், படிவத்தை நிரப்பிக்கொண்டே சேதி சொன்னார்.

"முதல் நாள் பிள்ளை அவாவிட்டப் போகேல்லை. பக்கத்து வீட்டு மனுசியின்ர சீலைக்குப் பின்னாலயே நிண்டது. அவாவும் கூப்பிடேல்லை, இழுக்கேல்லை, தள்ளியிருந்து பார்த்துக்கொண்டிருந்தவா. அடுத்த நாள் காலமை அது தானா வந்து மடியில ஏறியிருந்தது."

'போய், கண்டு, தூக்கிக்கொண்டாள்' என்றுதான் நான் அதுவரை மனதில் எழுதி வைத்திருந்தேன். 'கண்டு' என்பதற்குப் பிறகு அவர் ஒரு நாள் முழுவதும் காத்திருந்திருக்கிறார்.