பானப் பேக்கேஜும் மீனாள் ஆச்சியின் சம்மந்தியும்

1. சார் இல்லாத நேரத்தில் வந்த கேள்வி

“கப்பல்ல குடிக்கிறதுக்குன்னு தனியா ஒரு பேக்கேஜ் இருக்காமே. அத வாங்கலாமா, வேணாமா?” என்று மீனாள் ஆச்சி கேட்டபோது அலுவலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

காரைக்குடியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகம் அது. முதுகலைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் மாலைவரை அங்கே வேலை பார்த்தேன். உரிமையாளர் சேதுராமன் சார் அன்று விசா வேலையாகச் சென்னை போயிருந்தார். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் விமான டிக்கெட் போடுவதே எங்கள் அன்றாடத் தொழில். சொகுசுக் கப்பலுக்கு ஒரு குரூப் புக்கிங் வந்தது அதுவே முதல் முறை. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புகெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்கும் பயணம். ஆச்சியின் கணவருக்கு மணிவிழா. கோயில் சடங்குகள் முடிந்ததும் நெருங்கிய உறவினர் இருபத்துநான்கு பேரைத் தம் செலவில் கப்பலுக்கு அழைத்துப்போவது ஆச்சியின் திட்டம்.

ஆச்சி சாதாரணமாகக் கேள்வி கேட்பவர் அல்லர். வலையபட்டியில் தம் பழைய வீட்டையே விடுதியாக்கி நடத்துகிறவர். அறை வாடகையில் எது அடங்கும், எது அடங்காது என்பதை வெளிநாட்டு விருந்தினருக்கே விளக்கிப் பழகியவர். அவரிடம் மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது.

“நாளைக்குச் சொல்றேன் ஆச்சி. முழுசாப் படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

“படி. அதுக்குத்தான ஒன்ன வச்சிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கப்பல் நிறுவனம் அந்தப் பருவத்துக்கு ஒரு சலுகை அறிவித்திருந்தது. குழுவில் உள்ள அனைவரும் பானப் பேக்கேஜ் எடுத்தால், அவர்களோடு செல்லும் டூர் மேனேஜருக்கு ஒரு படுக்கை இலவசம். சென்னைக்குக் கிளம்பும் முன் சார் என்னிடம், “அது கெடைச்சா நீதாம்மா போற. நமக்குக் கப்பல் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்” என்று சொல்லியிருந்தார். காளையார்கோவிலிலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோகிறவள் நான். அதுவரை நான் பார்த்த கடல் ராமேசுவரத்துக் கடல் மட்டுமே. அன்று மாலை பேருந்தில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தேன்.

2. விதிமுறைகளை வாசித்தல்

பாட்டுக்கு உரை படிக்கும் முறையிலேயே நான் விதிமுறைகளைப் படித்தேன். முதலில் சொல்லியிருப்பது, அடுத்துச் சொல்லாமல் விட்டிருப்பது, கடைசியாக அடிக்குறிப்பில் ஒளித்து வைத்திருப்பது. இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு அந்த வரிசையையே நானும் பரிந்துரைப்பேன்.

முன்கூட்டியே ஒரு தொகையைக் கட்டிவிட்டால், கப்பலில் கோப்பைக்குக் கோப்பை பணம் கொடுக்காமல் குடிக்கலாம் என்பதுதான் பேக்கேஜ். அது இரண்டு வகை. மது அடங்கியது ஒன்று. பழச்சாறு, குளிர்பானம், மாக்டெயில், இயந்திரத்தில் போடும் சிறப்புக் காபி ஆகியவை மட்டும் அடங்கியது மற்றொன்று. எதை எடுத்தாலும் பயணத்தின் எல்லா நாளுக்கும் எடுக்க வேண்டும். ஒருநாள் மட்டும் வேண்டும் என்று கேட்க முடியாது. கப்பலில் ஒவ்வொரு பயணிக்கும் தரும் அட்டைக்கு ஒரு நேரத்தில் ஒரு பானம்தான். வாங்கியதை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர், டீ, சாதாரணக் காபி எல்லோருக்கும் இலவசம்.

மது இல்லாத பேக்கேஜையே எடுத்துக்கொண்டாலும், ஒருவர் நாளொன்றுக்கு ஐந்தாறு பானமாவது குடித்தால்தான் கட்டிய பணம் ஈடாகும். கடலிலேயே கழியும் நாளில் அது நடக்கலாம். பினாங்கில் இறங்கும் நாளில் நடக்காது. ஏனென்றால் அன்று இவர்கள் காலையிலேயே முருகன் கோயிலுக்குக் கிளம்பி, அபிஷேகம் முடித்து, ஊரில் சாப்பிட்டு, கப்பல் புறப்படும் நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். புகெட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். இவர்களில் பாதிப் பேர் காலையும் மாலையும் காபி குடிப்பதோடு சரி. அந்தக் காபியோ இலவசம்.

நேர்மையான பதில் தெளிவாக இருந்தது. மறுநாள் ஆச்சியைத் தொலைபேசியில் அழைத்து, “வேண்டாம் ஆச்சி, நட்டந்தான் வரும்” என்று காரணங்களோடு சொன்னேன்.

“சரித்தா. அப்ப விட்டுரு.”

சென்னையிலிருந்து திரும்பிய சார் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“ஏம்மா ஸ்டெல்லா, ஒன் டிக்கெட்ட நீயே கிழிச்சுப் போட்டுட்டு வந்து நிக்கிறியே.”

“கேட்டாக சார். உள்ளதச் சொன்னேன்.”

“உள்ளதச் சொல்லு, வேணாங்கல. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்ல? நானும் ரெண்டு நாளு சந்தோசமா இருந்திருப்பேன்.”

3. மாப்பிள்ளையின் தனிப்பட்ட விசாரணை

அந்த வாரத்தில் ஆச்சியின் மாப்பிள்ளை வயிரவன் அலுவலகத்துக்கு வந்தார். பெங்களூரில் வேலை பார்ப்பவர். மணிவிழா வேலைகளுக்காக ஊருக்கு வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினார்.

“அந்தத் தண்ணி பேக்கேஜ எனக்கு மட்டும் போட முடியுமாங்க? தனி பில்லா?”

“எந்தத் தண்ணி சார்?”

அவர் தொண்டையைக் கனைத்தார். சேதுராமன் சார் கணினித் திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். நான் விதியைச் சொன்னேன். ஒரு கேபினில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால், அதே கேபினில் தங்கும் பெரியவர்கள் அனைவரும் அதையே எடுத்தாக வேண்டும்.

“அப்ப எம் பொண்டாட்டியும் எடுக்கணுமா?”

“ஆமா சார்.”

“அவ குடிக்கவே மாட்டாளே.”

“குடிக்க வேண்டாம் சார். எடுத்தாப் போதும்.”

“அந்த விவரம் யாருக்குப் போகும்?”

“புக்கிங் ஆச்சி பேர்ல இருக்கு. கேபின் வாரியா அவுகளுக்குத்தான் வரும்.”

கொஞ்ச நேரம் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கப்பாவும் இந்த குரூப்ல வர்றாருங்க” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு, “விடுங்க. உடம்புக்கு ஜூஸ்தான் நல்லது” என்று சொல்லிக்கொண்டே வெளியேறினார். சார் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

4. வலையபட்டியில் கோலி சோடா

விசாவுக்காக எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிவர நான் ஆச்சியின் விடுதிக்குப் போனேன். அதே நேரத்தில் ஆச்சியின் சம்மந்தி, அதாவது வயிரவனின் தந்தை, தம் குடும்பத்துப் பாஸ்போர்ட்டுகளைக் கொடுக்க வந்திருந்தார். தேவகோட்டையிலிருந்து மதிய வெயிலில் வந்தவர். காரில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை என்று அவரே சொன்னார். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

“வாங்கண்ணே. மொதல்ல ஏதாச்சும் குடிங்க. நன்னாரி கலக்கச் சொல்லவா?” என்றார் ஆச்சி.

“அதெல்லாம் வேணாம் ஆச்சி. இப்பத்தான் குடிச்சுட்டு வாரேன்.”

“எங்குட்டுக் குடிச்சீக? வெயில்லயில்ல வாரீக. கொஞ்சமாக் குடிங்க.”

“வேணாம், வேணாம். வயிறு நெறைய இருக்கு.”

அந்த நேரத்தில் விடுதி விருந்தினர் ஒருவருக்கு வெந்நீர் வரவில்லை என்று ஆள் வந்து அழைக்க, ஆச்சி எழுந்து போனார். திரும்பி வந்ததும் பேச்சு பாஸ்போர்ட்டுகளுக்குப் போய்விட்டது. நன்னாரியை அவர் மறந்தே போனார். சம்மந்தி இரண்டு முறை நன்னாரிக் கலயம் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு விடைபெற்றுக் கிளம்பினார்.

பேருந்துக்காக நான் வந்து நின்றபோது, எதிர்ப் பெட்டிக்கடை ஓரமாக அந்தக் கார் நின்றிருந்தது. சம்மந்தி அண்ணாந்து கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததற்குக் கைநீட்டினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

“ஆச்சிட்டச் சொல்லிறாதத்தா.”

“சொல்ல மாட்டேங்கய்யா. ஆனா அங்க குடுத்தாகளே?”

“ரெண்டு தடவதான கேட்டாக. கேட்ட ஒடனே வாங்கிக் குடிச்சா, பொண்ணு எடுத்த வீட்ல என்னன்னு நெனைப்பாக? மூணாவது தடவ கேப்பாகன்னு பாத்தேன். அந்த வெந்நிப் பேச்சு வந்து கெடுத்துருச்சு.”

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. “அப்ப கப்பல்லங்கய்யா?” என்று கேட்டேன்.

“கப்பல்ல என்ன? ரூம்ல தண்ணி வைப்பானுல்ல, அது போதும். அவுக செலவுல போயிட்டு, ஜூஸு வேற குடிச்சு, அதுக்கொரு பில்லையும் அவுக தலையில கட்டவா? நானே குடுத்தரலாம். அவுக விடுவாகளா? அங்க நின்னு ரெண்டு பேரும் மல்லுக்கட்டணும். அதுக்குக் குடிக்காமயே இருந்துறலாம்.”

அவர் இரண்டாவது சோடாவையும் முடித்துவிட்டுக் காரில் ஏறினார். எனக்கான பேருந்து வந்து, நின்று, போய்விட்டது. நான் ஏறவில்லை.

கட்டிய பணம் ஈடாக எத்தனை பானம் வேண்டும் என்று நான் சரியாகத்தான் கணித்திருந்தேன். ஆனால் தாகம் எடுத்தால் மனிதர் கேட்டு வாங்கிக் குடிப்பார் என்ற அனுமானத்தின் மேல் அந்தக் கணிப்பு நின்றது. இந்தக் குடும்பங்களில் அப்படி யாரும் குடிப்பதில்லை. ஒவ்வொரு கோப்பைக்கும் அட்டையை நீட்டி, பில்லில் கையெழுத்துப் போட வேண்டிய கப்பலில் இருபத்துநான்கு பேரும் உபசாரம் பார்த்துப் பார்த்தே நா வறண்டு திரும்புவார்கள். பேக்கேஜ் எடுத்தால் பில் என்பதே கிடையாது. மறுக்கவும் காரணம் இருக்காது, மல்லுக்கட்டவும் இடமிருக்காது.

அப்படியானால் என் பதில் தவறு. வாங்க வேண்டும் என்பதே சரியான பதில். அது தெளிவான அந்த நொடியே எனக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வாங்கினால் கப்பலில் போவது நான். காரணம் எனக்குத் தோன்றியதா, ஆசை அதைத் தோன்ற வைத்ததா? எவ்வளவு யோசித்தும் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அடுத்த பேருந்தும் வந்தது. நான் திரும்பி விடுதியை நோக்கி நடந்தேன்.

5. சொல்ல வேண்டிய இரண்டு

“என்னத்தா, எதையும் விட்டுட்டுப் போயிட்டியா?”

“ஆமா ஆச்சி. அந்தப் பேக்கேஜ் வேணாம்னு சொன்னேன்ல, அது தப்பு.”

சம்மந்தி பேரை எடுக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “கப்பல்ல ஒவ்வொரு கிளாசுக்கும் பில்லு வரும். ஒங்க சம்மந்தி வீட்டுக்காரக அதுல கையெழுத்துப் போட்டா நீங்க விடுவீகளா?”

“நல்லா விட்டேன். மணிவிழாவுக்குக் கூட்டிட்டுப் போயி அவுகளக் காசு குடுக்க விடுறதா?”

“நீங்க போட்டா அவுக விடுவாகளா?”

ஆச்சி மேசைமேல் அடுக்கியிருந்த பாஸ்போர்ட்டுகளை ஒருமுறை பார்த்தார்.

“குடிக்கவே மாட்டாக” என்றார் மெதுவாக. “ரூம்ல கெடந்து தண்ணியக் குடிப்பாக.”

“அதான் ஆச்சி. குடிச்ச அளவப் பாத்தா இப்பவும் நட்டந்தான். அதுல மாத்தமில்ல. ஆனா எடுக்கலாம்னு தோணுது. இன்னொண்ணும் சொல்லணும். நீங்க எல்லாருக்கும் எடுத்தா எனக்கு ஓசியில ஒரு எடம் கெடைக்கும். டூர் மேனேஜராக் கப்பல்ல வருவேன்.”

ஆச்சி கண்ணாடியைக் கழற்றினார். “இத ஏன் அன்னைக்கே சொல்லல?”

“அன்னைக்கு வேணாம்னு சொன்னேன். அதனால அவசியமில்ல. இன்னைக்கு வேணும்னு சொல்றேன். சொல்லியாகணும்.”

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “ஒனக்கு வர ஆசையா இருக்கா?” என்று கேட்டார்.

“ரொம்ப ஆசையா இருக்கு ஆச்சி. அதான் பயமா இருக்கு. நான் சொல்ற காரணம் சரிதானான்னு நீங்கதான் யோசிக்கணும்.”

“எங்க சம்மந்தியப் பத்தி நீ சொல்லி நாந் தெரிஞ்சுக்கணுமா?” என்று சொல்லிக்கொண்டே கைபேசியை எடுத்தார். “சேதுராமா, நாந்தேன். எல்லாருக்கும் அந்த ஜூஸ் பேக்கேஜப் போட்டுரு. ஆமா, எல்லாருக்கும். பின்ன, இந்தப் பிள்ளைய வேலைக்கு வச்சுருக்கியே, இது ஆள வாங்கவும் சொல்லுது, வாங்க வேணாம்னும் சொல்லுது. நீ எப்பிடித்தேன் யாவாரம் பண்றியோ.”

அன்றைக்கு மூன்றாவது பேருந்தில்தான் ஊர் போனேன்.

6. மேல்தளத்தில்

கப்பல் சிங்கப்பூர்க் கரையை விட்டு நகர்ந்த மாலையில் எல்லோரும் மேல்தளத்தில் நின்றிருந்தோம். நிலம் பின்னால் போவதை உடம்பு நம்பவே இல்லை. கட்டடங்கள் சிறுத்தன, சுற்றிலும் நின்ற சரக்குக் கப்பல்கள் பெருத்தன, காற்று சேலைத் தலைப்புகளையெல்லாம் ஒரே திசையில் இழுத்தது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நான் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சம்மந்தி தயங்கித் தயங்கிப் பானக் கவுண்டருக்குப் போனார். அட்டையை நீட்டினார். தர்ப்பூசணிச் சாறு வந்தது. பில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை. குடித்து முடித்து இன்னொன்று வாங்கினார். அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் நேராக ஆச்சியிடம் வந்து, “என்ன ஆச்சி, சும்மா நிக்கிறீக? அன்னாசியா, ஆரஞ்சா? வாங்க” என்று உரிமையோடு அழைத்துப்போனார். விருந்துக்கு வந்தவர் விருந்து கொடுக்கிறவராகிவிட்டார். வயிரவன் புதினா மிதக்கும் உயரமான கோப்பையோடு வந்தார். தந்தை அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றிரவு கப்பலில் மிக நிம்மதியான மனிதர் வயிரவன்தான்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பேக்கேஜ் லாபமா என்று யாராவது கேட்டால், கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன், கூட யார் வருகிறார்கள், அவர்கள் ஒருவரிடம் ஒருவர் எப்படிக் கேட்டு எப்படி மறுப்பார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் பதிலில் உங்களுக்கு ஆதாயம் இருந்தால், அதையும் பதிலோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். ஆசைப்படுவது தவறில்லை. அதை மறைத்தால்தான் சரியான காரணமும் பொய்யாகிவிடும்.

டூர் மேனேஜரின் இலவச இடத்தில் பானப் பேக்கேஜ் அடங்காது. அதுவும் அடிக்குறிப்பில் இருந்தது. நான் கவுண்டரில் போய் எலுமிச்சைச் சாறு கேட்டபோது சம்மந்தி, ஆச்சி, வயிரவன் மூவரும் ஒரே நேரத்தில் தத்தம் அட்டையை நீட்டினார்கள். பணியாளர் விதியைச் சொல்லி, புன்னகையோடு மூன்றையும் மறுத்தார். இவர்களோடு பழகிய இத்தனை நாளில் முதன்முறையாக, யாரும் தடுக்க முடியாதபடி, பில்லில் என் பெயரை நானே எழுதினேன்.