முப்பதில் வைத்த குறி

அந்த லாரி முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தது. எண்பதில் பறந்து வந்தது என்று போலீஸ்காரர் எழுதியபோது, பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டியவன் நான். பொய் என்று தெரிந்தே ஆட்டினேன்.

முப்பது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் வாய் வரவில்லை. சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள்...

நான் பத்தாவது வரை படித்தவன். சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. நாலு பேர் கூடும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. வேலை விட்டால் வீடு, வீட்டை விட்டால் மொட்டை மாடி. அங்கே கைபேசியில் பழைய இயந்திரங்களைப் பார்ப்பேன். அப்படித்தான் ஒருநாள் அது கண்ணில் பட்டது.

நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய பிரிட்டிஷ் போர்க்கப்பல். அதன் மேல்தளத்தில் டார்பிடோவுக்குக் குறி பார்க்கும் பித்தளைக் கருவி. டார்பிடோ என்பது தண்ணீருக்குள் தானாக ஓடிப்போய்க் கப்பலை உடைக்கும் குண்டு. பாகைக் கோடு போட்ட ஒரு தட்டு, அதன்மேல் மூன்று சட்டங்கள். அவ்வளவுதான்! ஆனால் அந்த மூன்று சட்டங்களைப் புரிந்துகொண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓடுகிற கப்பலை நேராகக் குறி வைத்தால் தவறிவிடும். குண்டு போய்ச் சேர்வதற்குள் கப்பல் நகர்ந்திருக்கும். ஆகவே கப்பல் இனிமேல் வந்து சேரப்போகும் இடத்துக்குக் குண்டை விட வேண்டும். ஒரு சட்டம் டார்பிடோவின் பாதையும் வேகமும். இன்னொன்று எதிரிக் கப்பலின் பாதையும் வேகமும். இரண்டையும் அளவில் வைத்தால், மூன்றாவது சட்டம் தானாக ஒரு திசையைக் காட்டும். அந்தச் சட்டத்தின் நுனியில் நிற்கும் குறிக்கம்பியை எதிரிக் கப்பல் தொடும் நொடியில் குண்டை விட்டால் போதும், இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும். தூரம் தெரிய வேண்டியதே இல்லை! எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அதே முக்கோணம்தான். இதை எழுதும்போதுகூட என் கை பரபரக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. எதிரிக் கப்பலின் வேகத்தை அதிகாரி கண்ணால் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். கணிப்பு தவறினால் எல்லாம் தவறும்.

பட்டறையில் கிடந்த பித்தளைப் பட்டையை அறுத்து, பள்ளிக்கூடத்துப் பாகைமானியைப் பார்த்துத் தட்டில் கோடு கீறி, நானே ஒன்று செய்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் அதைப் பொருத்தினேன். ஆனால் சங்ககிரியில் கப்பலுக்கு எங்கே போவது?

லாரி இருந்தது.

எங்கள் தெரு என் வீட்டு வாசலிலிருந்து நேராகப் போய்ப் பழைய நெடுஞ்சாலையில் முட்டும். சாலையில் வரும் லாரி, எதிரிக் கப்பல். என் வாசலைக் கடந்து தெருவில் போகும் இருசக்கர வண்டி, டார்பிடோ. வண்டி வாசலைத் தாண்டும்போது தூரத்து லாரி கம்பியில் இருந்தால், இரண்டும் தெரு முனைக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். வண்டிக்காரர் முனையில் பிரேக் போட்டு நிற்பார். அவர் மூக்குக்கு முன்னால் லாரி கடந்து போகும். அதுதான் எனக்கு வெற்றி. பட்டது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். இப்படியே பார்த்துப் பார்த்து, வருகிற லாரியின் வேகத்தைக் கண்ணாலேயே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

டார்பிடோக்களில் சிறந்தவர் செல்லமுத்து அண்ணன். எதிர் வீட்டுக்காரர், மாடு வைத்திருப்பவர். அவருடைய மொபெட் ஒரே வேகத்தில்தான் போகும், கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. உண்மையான டார்பிடோவும் அப்படித்தானே! அவர் வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டால் நான் மாடிக்கு ஓடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஓடினேன்.

முன்னால் தவிட்டு மூட்டையோடு அவர் கிளம்பினார். சாலையில் பாரம் ஏற்றிய ஒரு லாரி, டயர் கடையிலிருந்து அப்போதுதான் புறப்பட்டு ஊர்ந்து வந்தது. முப்பது என்று கணித்தேன். சட்டத்தை முப்பதில் வைத்தேன். அண்ணன் வாசலைத் தாண்டினார். லாரியின் முகப்பு என் சட்டத்தின் கம்பியைத் தொட்டது. அப்படி ஒரு பொருத்தம் அதற்குமுன் அமைந்ததே இல்லை!

அவர் முனையை நெருங்கினார். பிரேக் போடவில்லை. மூட்டை காலை மறித்ததா, கவனம் எங்கேயோ இருந்ததா, தெரியாது. நான் கத்தியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. எப்போதும் போல நிற்பார் என்று நினைத்தேன்... அப்படியா நினைத்தேன்? ஒரே ஒரு முறை நிற்காமல் போனால் கணக்கு சரிதானா என்று தெரிந்துவிடுமே என்று என்னுள் ஏதோ ஒன்று காத்திருக்கவில்லையா?

மோதியது. என் வாயிலிருந்து வந்த சொல், "பட்டது."

மகிழ்ச்சியாகச் சொன்னேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பியைத் தொட்ட இடத்திலிருந்து லாரி எண்பதில் வந்திருந்தால், அண்ணன் முனைக்கு வருவதற்கு வெகுமுன்பே கடந்து போயிருக்கும். மோதியதே அது முப்பதில் வந்ததற்குச் சாட்சி. அந்தச் சாட்சியைச் சொல்ல வேண்டுமானால், நான் மாடியில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓட்டுநரைக் கூட்டம் அடித்தது. அண்ணனுக்கு உயிர் தப்பியது, கால் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி போலீஸ்காரரிடம் சொன்னார்.

"நான் நின்னு பாத்துட்டுத்தானுங்க ஏறுனேன். எம்பதுல பறந்து வந்தானுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, நீ மாடியில தான நின்ன? சொல்லு சாமி."

"பாத்தியா?" என்றார் போலீஸ்காரர்.

தலையாட்டினேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? எம்பதா?"

மறுபடியும் ஆட்டினேன்.

அண்ணனுக்கு நஷ்டஈடு கிடைக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். அந்த நேரத்தில் நஷ்டஈடு என்ற சொல்லே என் நினைவில் இல்லை. வெட்கம் மட்டும்தான் இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஓட்டுநர் என் வீட்டுக்கு வந்தார். வாழப்பாடிக்காரர், பெயர் முருகேசன். லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள், லாரி முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நான் தலையாட்டியது அவருக்குத் தெரியாது. மாடியில் ஒருவர் இருந்தார் என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாடியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டு, என்னோடு மேலே ஏறி வந்தார்.

"நான் மெதுவாத்தான்ணா வந்தேன். தேர்டு கியரு. யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்க பாத்திருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா, போதும்."

"துணி காயப் போட்டுட்டு இருந்தனுங்க. நான் பாக்கலீங்க."

அவர் கை பித்தளைத் தட்டின் மேல் இருந்தது. சட்டம் இன்னும் முப்பதில்தான் நின்றது. நான் அதை மாற்றியிருக்கவில்லை.

"இது என்னாண்ணா?"

"டிஷ்ஷு திருப்பறதுங்க."

"நல்லா பண்ணியிருக்கீங்க," என்று தடவிப் பார்த்தார். பட்டறைக்காரனுக்கு அப்படி ஒரு சொல் போதும்... வெட்கமில்லாமல் எனக்குள் குளிர்ந்தது.

வழக்கு இன்னும் முடியவில்லை. இதை நான் ஒளிக்கப் போவதில்லை. நாளைக் காலையில்கூட நான் நீதிமன்றம் போய்ச் சொல்லலாம். அங்கே போகாமல் உங்களிடம் வந்திருக்கிறேன்.

போன வாரம் முருகேசனைப் பார்த்தேன். லாரிப் பேட்டையில் மூட்டை தூக்குகிறார். என்னைக் கண்டதும் தோளில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"வாங்கண்ணா. அன்னைக்கு மேலெல்லாம் கூட்டிட்டுப் போயி காட்டுனீங்க. மத்தவனெல்லாம் கதவே தொறக்கல. ஒரு டீ சாப்பிடுங்க."

அவர் பின்னால் டீக்கடைக்குப் போனேன். அவரே கடைக்காரரிடம் சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்லி, கிளாஸின் விளிம்பைத் தன் துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

குடித்து முடித்தேன்.